"பேருக்குத்தான் அண்ணி, ஒரு கையெழுத்து"

கேள்வி: வணக்கம் மேடம். மலேசியாவில், பட்டர்வொர்த்தில் ஓர் அரசாங்கத் தமிழ்ப்பள்ளியில் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். 2019-இல் என் கொழுந்தனார் துப்புரவுக் கம்பெனி ஒன்று தொடங்கினார். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் கான்ட்ராக்ட். "எனக்குப் பேங்கில் பழைய பிரச்சினை ஒன்று இருக்கிறது அண்ணி, உங்கள் பேரில் வைத்துக்கொள்வோம், பேருக்குத்தான்" என்றார். கணவரும் தலையாட்டினார். கம்பெனியில் இயக்குநர் நான் ஒருத்திதான். நூறு பங்கில் 60 என் பேரில், 40 மாமியார் பேரில். சம்பளமோ லாபமோ ஒரு காசு வாங்கியதில்லை. சில மாதங்களுக்கு ஒருமுறை செக் புத்தகத்தைக் கொண்டுவருவார், எல்லாத் தாளிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவேன். 2021-இல் பேங்கில் ஒரு கட்டுக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன், படிக்கவில்லை. போன மாதம் இபிஎஃப் என்ற ஊழியர் சேமநிதி வாரியத்திலிருந்து என் பேருக்கே கடிதம் வந்திருக்கிறது. 14 தொழிலாளர்களுக்கு 8 மாதச் சந்தா கட்டவில்லையாம். ஆனால் சம்பளத்தில் பிடித்திருக்கிறார்கள். கொழுந்தனாரைக் கேட்டால், "இது செண்டிரியான் பெர்ஹாட் (தனியார் வரையறுக்கப்பட்ட கம்பெனி) அண்ணி, கம்பெனிக் கடன் கம்பெனியோடு போய்விடும், உங்களை யாரும் தொட முடியாது" என்கிறார். இன்றே ராஜினாமா செய்தால் தப்பித்துவிடலாமா?
— ஓர் ஆசிரியை, பட்டர்வொர்த்

பதில்: சகோதரிக்கு வணக்கம். மீதியைப் பிறகு படிக்கலாம், முதலில் பேங்குக்குப் போய் வாருங்கள். நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வெற்றுச் செக் தாள்கள் எத்தனை இன்னும் வெளியே இருக்கின்றன என்று உங்களுக்கே தெரியாது. ஒரே இயக்குநர் நீங்கள். பயன்படுத்தாத செக் எண்களை நிறுத்தி வைக்கச் சொல்லி எழுத்தில் கொடுக்க உங்களால் முடியும். அப்படியே 2021-இல் நீங்கள் கையெழுத்திட்ட காகிதங்கள் அத்தனைக்கும் நகல் கேளுங்கள். ஏன் என்பதை அப்புறம் சொல்கிறேன்.

இப்போது கொழுந்தனாரின் வாதத்துக்கு வருவோம். அவர் சொன்னதில் பாதி உண்மை. கம்பெனி என்பது தனி ஆள், அதன் கடன் அதன் கடன் என்ற கொள்கை 1896-இல் லண்டனில் ஆரோன் சாலமன் என்ற காலணி வியாபாரியின் வழக்கில் உறுதியானது. இன்றும் அதுதான் சட்டம். ஆனால் அந்த வேலி யாருக்குப் போட்டது? பங்கு வைத்திருப்பவருக்கு. உங்கள் மாமியாரின் 40 பங்குக்கு அது பொருந்தும், பங்குப் பணத்துக்கு மேல் அவரிடம் யாரும் கேட்க முடியாது. நீங்கள் பங்குதாரர் மட்டும் இல்லையே. கம்பெனி தனி ஆள் என்றால் அந்த ஆளுக்குக் கையும் மூளையும் வேண்டாமா? அதற்காகச் சட்டம் பிடித்துவைத்திருக்கும் ஆள்தான் இயக்குநர்.

ஜார்ஜ்டவுனில் கம்பெனி செகரட்டரியாக இருபது வருடத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கிறேன். என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து "நான் பேருக்குத்தான்" என்று சொன்னவர்களை எண்ணி முடியாது. மனைவி, அம்மா, பழைய டிரைவர், ஒருமுறை கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண்கூட. ஒவ்வொருவரிடமும் நான் சொன்னது ஒன்றுதான்: நிறுவனச் சட்டம் 2016-இல் "பேருக்கு இயக்குநர்" என்று ஒரு வகை கிடையாது. முழு இயக்குநர், இல்லையென்றால் இயக்குநரே இல்லை. அந்தச் சட்டத்தின் 211-ஆவது பிரிவு கம்பெனியின் நிர்வாகத்தை இயக்குநர்கள் கையில் கொடுக்கிறது. 213-ஆவது பிரிவு அவர்கள் நல்லெண்ணத்தோடும், கம்பெனியின் நலனுக்காகவும், நியாயமான கவனத்தோடும் திறமையோடும் நடக்க வேண்டும் என்கிறது. மீறினால் 5 ஆண்டு வரை சிறை, 30 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். பயமுறுத்தச் சொல்லவில்லை. சின்னக் கம்பெனி இயக்குநர்கள் மீது அந்த உச்ச அபராதம் விழுந்து நான் பார்த்ததில்லை. ஆனால் "நான் சம்பளம் வாங்கவில்லை" என்பது அந்தப் பிரிவுக்குப் பதில் ஆகாது. கடமை சம்பளத்தோடு வருவதில்லை, பதவியோடு வருகிறது.

கவனம் என்பதை எந்த அளவுகோலால் அளப்பது? அந்தப் பொறுப்பில் இருக்கும் ஒருவரிடம் நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய அறிவும் அனுபவமும்தான் அடிமட்டம். அதற்குமேல் உங்களுக்குத் தனியாக ஏதாவது தெரிந்திருந்தால் அதுவும் கணக்கில் சேரும். நீங்கள் கணித ஆசிரியை, சகோதரி. "எனக்குக் கணக்கு வழக்கு புரியாது" என்று நீதிமன்றத்தில் சொன்னால் எதிர்த் தரப்பு வழக்கறிஞர் சிரித்துவிடுவார்.

வெற்றுச் செக் விஷயத்துக்கு ஒரு பழைய வழக்கு கச்சிதமாகப் பொருந்தும். 1977-இல் இங்கிலாந்தில் தீர்ப்பானது, டார்செஸ்டர் ஃபைனான்ஸ் என்ற கடன் கொடுக்கும் கம்பெனியைப் பற்றியது. மூன்று இயக்குநர்கள். முழு நேரம் வேலை பார்த்தவர் ஸ்டெப்பிங் என்பவர் மட்டும். மற்ற இருவரும் கணக்கியல் தெரிந்தவர்கள், அலுவலகப் பக்கம் எப்போதாவதுதான் தலைகாட்டுவார்கள். ஸ்டெப்பிங் கேட்டதும் வெற்றுச் செக்குகளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். அவர் அதை வைத்துக் கொடுத்த கடன்கள் திரும்பி வரவில்லை. "நாங்கள் நிர்வாகத்தில் இல்லை, அவரை நம்பினோம்" என்றார்கள். நீதிமன்றம் ஏற்கவில்லை, மூவரும் பொறுப்பு என்றது. அவர்கள் ஒரு காசு எடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, பேனாவைத் திறந்ததுதான் அவர்கள் தப்பு. நம் நீதிமன்றத்தை அந்தத் தீர்ப்பு கட்டிப்போடாது என்றாலும், இங்கே வாதாடும்போது எடுத்துக்காட்டுவார்கள்.

சரி, இபிஎஃப். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் கவலை தந்தது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கடிதம் ஏன் உங்கள் பேருக்கு வந்தது? கம்பெனியின் விவரத்தை, கம்பெனிகளைப் பதிவு செய்யும் எஸ்எஸ்எம் ஆணையத்தில் காசு கட்டி யாரும் எடுக்கலாம். அதில் இயக்குநர் என்ற இடத்தில் உங்கள் பேரும் வீட்டு முகவரியும் இருக்கின்றன, கொழுந்தனார் பேர் எங்கேயும் இல்லை. இபிஎஃப் சட்டம் 1991-இன் 46-ஆவது பிரிவு, கம்பெனி சந்தா கட்டத் தவறினால் இயக்குநர்களும் கம்பெனியோடு சேர்ந்தும் தனித்தனியாகவும் அந்தப் பணத்துக்குப் பொறுப்பு என்கிறது. சாலமன் போட்ட வேலியில் நம் பாராளுமன்றமே தெரிந்து வைத்த கதவு அது. கம்பெனிக் கணக்கில் பணம் இல்லையென்றால் உங்கள் சேமிப்பில் கேட்பார்கள். அந்த வாரியம் குடிநுழைவுத் துறையிடம் சொல்லி நீங்கள் நாட்டைவிட்டு வெளியே போகாமல் தடுக்கவும் முடியும். விடுமுறைக்குத் தமிழ்நாட்டுக்கு டிக்கெட் எடுத்திருந்தால், கிளம்புவதற்கு முன்பே இதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

தொகை எவ்வளவு இருக்கும்? 14 பேரும் மலேசியர்கள், ஆளுக்குக் குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். முதலாளி பங்கு 13 விழுக்காடு, 221 ரிங்கிட். தொழிலாளி பங்கு 11 விழுக்காடு, 187 ரிங்கிட். ஒருவருக்கு மாதம் 408 என்றால் 14 பேருக்கு 5,712. எட்டு மாதத்துக்கு 45,696 ரிங்கிட். இதற்கு மேல் தாமதக் கட்டணமும், அந்தப் பணத்துக்குச் சேர வேண்டிய டிவிடெண்டும் ஏறும். அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டிய பணம், எட்டு மாதமாகக் கிடக்கிறது.

இந்த 45,696-இல் இரண்டு வேறு வேறு பணம் இருக்கிறது. முதலாளி பங்கைக் கட்டாதது கடன். தொழிலாளி பங்கு 20,944 ரிங்கிட் அப்படி இல்லை. அது அவர்கள் சம்பளத்திலிருந்து ஏற்கெனவே எடுத்த பணம். காலை நான்கு மணிக்கு எழுந்து தொழிற்சாலைக் கழிவறையைக் கழுவிய பெண்ணின் வயதுகாலக் காசு. பிடித்துவிட்டுக் கட்டாமல் இருப்பது தனிக் குற்றம், 6 ஆண்டு வரை சிறையும் 20,000 ரிங்கிட் வரை அபராதமும் உண்டு. எனவே கையில் எவ்வளவு கிடைத்தாலும் முதலில் இதற்கே போகட்டும். கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரில் இபிஎஃப் அமலாக்கப் பிரிவுக்குப் போங்கள், தவணை கேளுங்கள், கேட்டதை எழுத்தில் வாங்குங்கள். பதிலே சொல்லாமல் இருக்கும் இயக்குநரையும் கையில் கணக்கோடு வந்து நிற்கும் இயக்குநரையும் அதிகாரிகள் ஒரே மாதிரி பார்ப்பதில்லை, இதை என் அனுபவத்தில் சொல்கிறேன். தொழிலாளர் சமூகப் பாதுகாப்புக்கான சொக்சோ சந்தாவைக் கட்டியிருக்கிறார்களா என்றும் அதோடு பார்த்துவிடுங்கள். இபிஎஃப் கட்டாத இடத்தில் சொக்சோ ஒழுங்காக நடந்து நான் கண்டதில்லை.

வருமான வரி அடுத்த கதவு. வருமான வரிச் சட்டம் 1967-இன் 75ஏ பிரிவு, நிர்வாகத்தில் பங்குள்ள, 20 விழுக்காட்டுக்குக் குறையாத பங்கு வைத்திருக்கும் இயக்குநரைக் கம்பெனியின் வரிக்குப் பொறுப்பாக்குகிறது. ஒரு காலத்தில் 50 விழுக்காடு என்று இருந்ததைக் குறைத்துவிட்டார்கள். உங்களிடம் 60 இருக்கிறது. நிர்வாகத்தில் நான் இல்லை என்று வாதாடலாம், ஆனால் செக்கில் இருப்பது உங்கள் கையெழுத்து.

மூன்றாவது, 2021 பேங்க் காகிதம். லோனோ ஓவர்டிராஃப்டோ எடுக்கும்போது பேங்க் பெரும்பாலும் இயக்குநரிடம் தனிப்பட்ட ஜாமீன் கேட்கும். அந்தக் கட்டில் அது இருந்தால் கம்பெனி, இயக்குநர் என்ற பேச்சுக்கே இடமில்லை, நீங்களே உங்கள் சொந்தப் பேரில் கொடுத்த வாக்கு அது. கல்விக் கடன், சொந்தக் கார், குடியிருக்கும் வீடு ஆகியவற்றுக்கு லாப நோக்கமில்லாமல் ஜாமீன் நின்றவரைத் திவாலாக்க முடியாது என்று 2017-இல் சட்டம் திருத்தினார்கள். வியாபாரக் கடனுக்கு அந்தச் சலுகை கிடையாது. கடன் 1 லட்சம் ரிங்கிட்டைத் தொட்டால் திவால் வழக்குப் போடலாம், ஜாமீன்தாரர் என்றால் மட்டும் நீதிமன்ற அனுமதி வாங்க வேண்டும். அதனால்தான் முதல் பத்தியிலேயே நகல் கேட்கச் சொன்னேன்.

இனி உங்கள் கேள்வி. இன்றே ராஜினாமா செய்யலாமா?

செய்தாலும் அது செல்லாது. தனியார் கம்பெனிக்குக் குறைந்தது ஓர் இயக்குநர் இருக்க வேண்டும், அவர் மலேசியாவில் வசிப்பவராக இருக்க வேண்டும். அந்த ஒருவரும் விலகினால் எண்ணிக்கை குறைந்துவிடும் என்பதால், பதிலுக்கு ஆள் வரும்வரை அந்த ராஜினாமாவைச் சட்டம் கணக்கில் எடுக்காது. நிறுவனச் சட்டத்தின் 209-ஆவது பிரிவுப்படி நீங்கள் பங்குதாரர் கூட்டத்தைக் கூட்டி, ராஜினாமா கடிதத்தை அங்கே வைத்து, புதியவரை நியமித்த பிறகுதான் விலகலாம். அந்த மாற்றத்தை 14 நாளுக்குள் எஸ்எஸ்எம்-முக்குத் தெரிவிக்க வேண்டும். கூட்டம் என்றால் பெரிதாக நினைக்காதீர்கள், நீங்களும் மாமியாரும்தான். 60 பங்கு உங்கள் கையில் இருப்பதால் தீர்மானம் உங்களாலேயே நிறைவேறும். பலருக்கு இந்தக் கை இருக்காது, உங்களுக்கு இருக்கிறது.

அப்படி விலகினாலும் நாளையிலிருந்துதான் விடுதலை. நேற்று வரைக்கும் உள்ளது உங்கள் பின்னாலேயே வரும். சந்தா கட்ட வேண்டிய காலத்தில் இயக்குநராக இருந்தவர் என்று இபிஎஃப் சட்டம் தெளிவாகவே சொல்கிறது. அந்த எட்டு மாதமும் உங்களுடையது. பேங்க் ஜாமீனும் ராஜினாமாவோடு தானாக விழாது, பேங்க் எழுத்தில் விடுவித்தால்தான் உண்டு. கம்பெனியின் பேரை எஸ்எஸ்எம் பதிவிலிருந்து நீக்கிவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். கடன் பாக்கி உள்ள கம்பெனிக்கு அந்த வழி இல்லை, நீக்கினாலும் இயக்குநரின் பொறுப்பு அழியாது.

யாரை நியமிப்பது? இங்கேதான் உங்கள் கடிதத்தின் ஒரு வரியை நான் இரண்டு முறை படித்தேன். "பேங்கில் பழைய பிரச்சினை." பேங்கில் சாதாரணப் பிரச்சினை உள்ளவர் தன் பேரிலேயே கம்பெனி திறக்கலாம், சட்டம் தடுக்காது. அண்ணி பேரில் திறக்க வேண்டியவர் பெரும்பாலும் திவாலானவர். திவாலிலிருந்து விடுபடாதவர் அனுமதி இல்லாமல் இயக்குநராகவும் முடியாது, நேராகவோ மறைமுகமாகவோ நிர்வாகத்தில் கைவைக்கவும் முடியாது. இது நிறுவனச் சட்டத்தின் 198-ஆவது பிரிவு. என் ஊகம் தப்பாக இருந்தால் சந்தோஷம். ஊகத்தில் நிற்க வேண்டாம், மலேசிய திவால் துறையில் அவருடைய ஐசி (அடையாள அட்டை) எண்ணைக் கொடுத்துக் கட்டணம் செலுத்தினால் தேடிச் சொல்வார்கள். உண்மை என்றால், உங்கள் கையெழுத்து ஒரு சட்டத் தடையைச் சுற்றிப் போகக் கட்டிய பாலம் என்று ஆகிவிடும். தெரியாமல் செய்தது வேறு, தெரிந்த பிறகும் தொடர்வது வேறு.

கொழுந்தனார் மேல் பொறுப்பே இல்லை என்று நினைக்க வேண்டாம். சட்டத்தில் இயக்குநர் என்ற சொல்லுக்குள், யாருடைய சொல்படி இயக்குநர்களில் பெரும்பான்மையினர் வழக்கமாக நடக்கிறார்களோ அவரும் அடங்குவார். இருக்கிற ஒரே இயக்குநர் அவர் சொன்னபடி நடந்திருக்கிறீர்கள். நிழல் இயக்குநர் என்பார்கள். ஆனால் அவர் பொறுப்பு என்று நிரூபணமானால் உங்கள் பொறுப்பு குறையும் என்று அர்த்தமில்லை. பக்கத்தில் இன்னொருவரும் நிற்பார், அவ்வளவுதான். இதை நிரூபிக்க வாட்ஸ்அப் செய்திகள் உதவும். "அண்ணி செக் ரெடியா" என்ற செய்திகூட. அழிக்காதீர்கள்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. நீங்கள் அரசாங்க ஆசிரியை. 1993-ஆம் ஆண்டின் பொது அதிகாரிகள் நடத்தை ஒழுங்கு விதிகளின்படி, அனுமதி இல்லாமல் அரசு ஊழியர் வியாபார நிறுவனத்தின் நிர்வாகத்தில் நேராகவோ மறைமுகமாகவோ பங்கெடுக்கக் கூடாது. 2019-இல் அனுமதி கேட்டீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள் என்றே நினைக்கிறேன். ஒரு வழக்கறிஞரிடம் இதைத் தனியாகப் பேசிவிட்டு, எப்படி, எப்போது தெரிவிப்பது என்று முடிவு செய்யுங்கள். இபிஎஃப் வழக்கு நீதிமன்றம் ஏறி அங்கிருந்து இலாகாவுக்குத் தெரிவதைவிட நீங்களாகச் சொல்வது மேல்.

விலகும்வரை இயக்குநர் நீங்கள்தான், அந்த நாள்களில் இயக்குநராகவே நடங்கள். கணக்குப் புத்தகத்தைப் பார்க்கும் உரிமை சட்டப்படி உங்களுக்கு உண்டு, 7 ஆண்டு வைத்திருக்க வேண்டிய ஆவணங்கள் அவை. கொழுந்தனார் தரமாட்டேன் என்றால் எழுத்தில் கேளுங்கள். செகரட்டரி கம்பெனி அனுப்பும் ஈமெயிலை இனிமேல் அப்படியே அவருக்குத் தள்ளிவிடாதீர்கள், படியுங்கள். நான்கூட அந்தப் பக்கத்தில் உட்கார்ந்து அனுப்புகிறவள்தான், யாரும் படிப்பதில்லை என்ற வருத்தம் எனக்கு நிறைய உண்டு. தொழிற்சாலைகளிலிருந்து வர வேண்டிய பணம், கொடுக்க வேண்டிய பணம் இரண்டையும் ஒரு தாளில் எழுதுங்கள். கட்ட வழியில்லை என்று தாள் சொன்னால் புதுக் கடன், புதுக் கான்ட்ராக்ட் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். திரும்பக் கொடுக்க நியாயமான வாய்ப்பில்லை என்று தெரிந்தும் கடன் வாங்குவது நிறுவனச் சட்டத்தின் 539-ஆவது பிரிவில் குற்றம். ஏமாற்றும் எண்ணத்தோடு நடத்தினால் 540-ஆவது பிரிவு வரம்பே இல்லாமல் சொந்தப் பொறுப்பாக்கும். அந்த நிலையில் கம்பெனியை முறைப்படி கலைப்பதைப் பற்றி வழக்கறிஞரிடமும் கணக்காளரிடமும் பேச வேண்டியிருக்கும்.

ஒரு விஷயம் உங்கள் கணவரிடமும் சொல்ல வேண்டும். புதிய இயக்குநர் தேவை என்றதும் குடும்பத்தில் அடுத்த பேர் தயாராகும். பெரும்பாலும் கொழுந்தனாரின் மனைவி பேர். நானே இப்படி ஒரு வீட்டில் அண்ணிக்குப் பிறகு மனைவி, மனைவிக்குப் பிறகு மகள் என்று மூன்று பேரின் விண்ணப்பத்தை அடுத்தடுத்துப் பார்த்திருக்கிறேன். மூன்றாவது பெண்ணுக்கு அப்போதுதான் 18 முடிந்திருந்தது, சட்டப்படி குறைந்தபட்ச வயது அதுதான். அவரைத் தனியாக உட்கார வைத்து இபிஎஃப் பாக்கியைப் பற்றிச் சொன்னேன், கையெழுத்துப் போடாமல் எழுந்து போய்விட்டார். அவர் அப்பா அதற்குப் பிறகு என் அலுவலகத்துக்கு வருவதில்லை. உங்கள் ஓரகத்தியிடம் நீங்களே போய்ப் பேசுங்கள், கூட்டத்துக்கு முன்பே.

ஃபெரி ஏறி வர முடிந்தால் ஒரு சனிக்கிழமை வாருங்கள். இபிஎஃப் கடிதம், பேங்க் நகல்கள், எஸ்எஸ்எம் விவரத் தாள், வீட்டில் மிச்சமிருக்கும் செக் புத்தகம் எல்லாம் கொண்டு வாருங்கள். கொழுந்தனாரைக் கூட்டிவர வேண்டாம்.